பதினோராம் எண் கூண்டு: தனுஷ்கோடியை அழித்தது புயல் மட்டும்தானா?

யூடியூபில் தனுஷ்கோடி என்று தட்டினால் போதும். "பேய் நகரம்", "ஒரே ராத்திரியில் கடல் விழுங்கிய ஊர்", "நள்ளிரவில் கேட்கும் ரயில் சத்தம்" என்று வரிசையாக வந்து விழும். பின்னணியில் திகில் பட இசை வேறு! நேரில் போகிறவர்களும் இதே கதையோடுதான் திரும்புகிறார்கள். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர் முன்னால் குடும்பத்தோடு ஒரு போட்டோ, பக்கத்துக் கடையில் பொரித்த மீன், கிளம்பும்போது ஒரு பெருமூச்சு: "எல்லாம் இயற்கையோட சீற்றம் சார், மனுஷன் என்ன பண்ண முடியும்?"

இந்த ஒரு வரிதான் பிரச்சினை. இயற்கையின் சீற்றம் என்று சொன்ன அடுத்த நிமிடமே கேள்விகள் எல்லாம் நின்றுபோகின்றன. கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா? காற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா? முடியாது. ஆகவே கேஸ் முடிந்தது, கோப்பு மூடப்பட்டது!

ஆனால் 1964 டிசம்பரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாக அடுக்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. புயல் கடலில் பிறந்தது, உண்மை. சாவு எண்ணிக்கை மட்டும் கடலில் பிறக்கவில்லை. அது கரையில், மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுகளில் பிறந்தது. செய்யத் தவறிய ஏற்பாடுகளில் என்று சொல்வது இன்னும் சரி.

ஊர் என்று ஒன்று இருந்தது

தனுஷ்கோடி சும்மா நாலு குடிசை உள்ள மணல் திட்டு கிடையாது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு அது ஒரு துறைமுக ஊர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. ஒரே பயணத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகும் வழி இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், கடைகள் எல்லாம் இருந்தன. மீனவர்கள், சுமை தூக்குகிறவர்கள், ரயில்வே ஊழியர்கள், வியாபாரிகள், யாத்ரீகர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். இவ்வளவும் எங்கே இருந்தன? ஒரு பக்கம் பாக் கடல், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒல்லியான ஒரு மணல் நாக்கு. அதன்மேல்தான்.

புயல் ஏன் அவ்வளவு பலமாக வந்தது?

1964 டிசம்பர் 17-ம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. கிட்டத்தட்ட 5 பாகை வட அட்சத்தில். இது கொஞ்சம் அபூர்வமான விஷயம். புயல் சுழல வேண்டுமென்றால் பூமியின் சுழற்சி அதற்குக் கைகொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மிகவும் பக்கத்தில் அந்த உதவி மிகக் குறைவு. அதனால்தான் அங்கெல்லாம் புயல் பிறப்பது அரிது. இந்தப் புயல் அந்த எல்லையிலேயே பிறந்து, 19-ம் தேதிக்குள் கடும் புயலாக வளர்ந்துவிட்டது. கடல் நீரின் சூடுதான் புயலுக்குச் சாப்பாடு. வழியெல்லாம் சூடான நீர். சாப்பிட்டுக்கொண்டே வந்தது.

21-ம் தேதிக்குப் பிறகு ஏறக்குறைய நேர் மேற்காக, ஒரு நாளைக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. 22-ம் தேதி வட இலங்கையில் வவுனியா பக்கமாகக் கரை கடந்து போனது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நிலத்தில் ஏறினால் புயல் சோர்ந்துவிடும் என்பது பொது விதி. வட இலங்கையோ தட்டையான நிலம். மலைகள் எல்லாம் தெற்கே இருக்கின்றன. புயலை மறித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஏறியது, இந்தப் பக்கம் பாக் நீரிணையில் இறங்கியது.

அடுத்ததுதான் முக்கியம். புயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, தண்ணீர். காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் கொஞ்சம் உயரும். ஆனால் மலைபோல் எழுவதற்குக் காரணம் காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர். ஆழமான கடல் என்றால் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிப் போக இடம் உண்டு. பாக் கடலோ ஆழம் குறைந்த கடல். திரும்பிப் போக இடமில்லாத நீர் மேலே எழும், கரையில் ஏறும். ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் வரை அலைகள் வந்தன என்கிறார்கள். இரண்டு மாடி வீட்டு உயரம்! மணல் நாக்கின்மேல் இருந்த ஊருக்கு ஓடி ஒதுங்க மேடு ஏது?

இதுவரை சொன்னதெல்லாம் இயற்கைதான். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இனி வருவதைப் பாருங்கள்.

653 எண் ரயில்

புயல் உருவாகி ஐந்து நாள். இலங்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு நீரிணையில் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில், 22-ம் தேதி இரவு 11.55 மணிக்கு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653 எண் பாசஞ்சர் ரயில் கிளம்பியது. ரயில்வே கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். பள்ளி மாணவர்களும் அதில் இருந்தார்கள்.

தனுஷ்கோடி நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் நிறுத்திக் காத்திருந்தார். சுற்றிலும் இருட்டு, மழை, காற்று. வெகுநேரம் ஆகியும் சிக்னல் கிடைக்கவில்லை. நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு அலை வந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பதுண்டு: "டிரைவர் ரிஸ்க் எடுத்திருக்கக் கூடாது." என்ன நியாயம் இது? நடுராத்திரியில், இரண்டு பக்கமும் கடல் கொந்தளிக்கும் ஒரு மணல் கரையில், உதவிக்கு ஆளில்லாமல், தகவல் சொல்ல ஒரு கம்பி இல்லாமல் நின்ற மனிதரிடம் கேட்கிற கேள்வியா? கேட்க வேண்டிய கேள்வி பாம்பனில் இருக்கிறது. அப்படிப்பட்ட ராத்திரியில் வண்டி ஏன் கிளம்பியது? "இன்றைக்கு வண்டி போகக்கூடாது" என்று சொல்லும் அதிகாரமும் தகவலும் சேர்ந்து யார் கையிலாவது இருந்தனவா? இருந்திருந்தால் அந்த 115 பேரும் பாம்பன் பிளாட்பாரத்தில் நனைந்துகொண்டு, ரயில்வேயைத் திட்டிக்கொண்டு, உயிரோடு இருந்திருப்பார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு முழு ரயில் காணாமல் போன செய்தி, சுமார் 48 மணி நேரம் கழித்து, மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலை வைத்துத்தான் தெற்கு ரயில்வே தலைமையகத்திலிருந்து அறிக்கையாக வெளியே வந்தது. இரண்டு நாள்!

கூண்டு யாருக்காக?

மழைக்காலம் வந்தால் செய்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." மல்லாங்கிணறு போன்ற, கடலைக் கண்ணால் பார்க்காத கரிசல் ஊர்களில்கூட இந்த வரியைக் கேட்காத காது கிடையாது. அதன் அர்த்தம் கேட்டால் மட்டும் பத்தில் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம்.

மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் உள்ளூருக்கு முன்னெச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். 5-க்கும் 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் என்ன? புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமாகக் கடக்குமா, அந்தப் பக்கமாகக் கடக்குமா, நேராக வருமா என்பதுதான். கப்பல் கேப்டனுக்கு இது தெரிந்தாக வேண்டும். நங்கூரத்தைத் தூக்குவதா, போடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கரையில் குடிசை போட்டு இருக்கும் கிழவிக்கு, அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதை இந்தக் கூண்டு சொல்லுமா? சொல்லாது. அது கப்பலுக்காக எழுதப்பட்ட பாஷை.

இந்திய வானிலைத் துறையின் வரலாறே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அதற்கு அடுத்த வருடமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1875-ல் வானிலைத் துறை தொடங்கப்பட்டது. கப்பலுக்கும் சரக்குக்கும் முதலில் எச்சரிக்கை. கரையில் இருக்கும் மனிதன் வரிசையில் பின்னால்.

சரி, கடைசி எண் 11 என்ன சொல்கிறது? பத்தைவிடப் பெரிய புயல் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் 11-ம் எண் கூண்டின் பொருள்!

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பட்டியலைப் போட்டவர்கள் விவரமானவர்கள். பத்து விதமான புயலையும் எழுதிவிட்டு, அதற்கும் மேலே தகவல் அறுந்துபோவதை வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடியில் அந்த இரவு நடந்தது அதுதான். சிக்னல் செத்துவிட்டது, கம்பி அறுந்துவிட்டது, ஒரு பக்கத்துச் செய்தி மறு பக்கத்துக்குப் போகவில்லை. புயலின் எண் எதுவாக இருந்தாலும், அந்த ஊரைக் கொன்றது 11-ம் எண்.

46 நாளும் அறுபது வருடமும்

சேதக் கணக்குக்கு வருவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்துச் சுமார் 1,800 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. "சுமார்", "இருக்கலாம்"! பாலத்தில் விழுந்த இரும்பு உத்தரங்களை எண்ண முடிந்தது. செத்த மனிதர்களை எண்ண முடியவில்லை. டிக்கெட் வாங்கியவன் கணக்கில் வருவான், கூலிக்குச் சுமை தூக்க வந்தவன் எந்தப் பேரேட்டில் வருவான்?

அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட உத்தரங்கள் கடலில் விழுந்தன. கப்பல் போகத் திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று முதலில் திட்டமிட்டார்கள். பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பு இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவால் புகழ்பெற்றவர் இவர்தான். கடலுக்குள் விழுந்த உத்தரங்களையே மீட்டெடுத்து, 46 நாளில் பாலத்தை நிறுத்திக் காட்டினார். இன்றைக்கும் பெருமையாகச் சொல்ல வேண்டிய சாதனை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அதே புயலில் விழுந்த ஊர்? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் திரும்ப வரவில்லை. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் அதுவும் நின்றது. வாழத் தகுதியற்றது என்று சொன்னாலும் மீனவன் எங்கே போவான்? அவன் தொழில் அந்தக் கடலில் இருக்கிறது. திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டான். பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லை, ஊற்று தோண்டித்தான் குடிதண்ணீர். முனை வரை தார்ச்சாலை 2017-ல் வந்தது, அதுவும் சுற்றுலா வண்டிகளுக்கு வசதியாக. 2019-ல் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் ஓடவில்லை. பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

ஆக, பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு அறுபது வருடம் போயும் இல்லை!

"அந்த மணல் திட்டில் மறுபடி ஊர் கட்டுவது புத்திசாலித்தனமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டக் கூடாது என்பதே சரியாக இருக்கலாம். ஆனால் அங்கே கட்டக் கூடாது என்றால், பிழைத்தவர்களுக்கு வேறு இடத்தில் அதே மரியாதையோடு வாழ்க்கையைக் கட்டித் தந்திருக்க வேண்டும் அல்லவா? வாழக் கூடாது என்ற ஓர் உத்தரவோடு கடமை முடிந்துவிடுமா?

வணிகவியல் முதல் வருடப் பாடத்திலேயே ஐந்தொகை வரும். சொத்து ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு அரசாங்கங்கள் போடும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் மட்டும் வேகமாக நிரம்புகிறது. பாலம், சாலை, மின்கம்பம். பொறுப்புப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோதும் இதுதான் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊழியர்கள் இரவு பகலாகச் சேற்றில் நின்று நட்டார்கள், வெளிச்சம் வந்தது. சாய்ந்த தென்னைக்கு? கன்று வைத்துக் காய்க்க ஐந்தாறு வருடம். அந்த ஐந்தாறு வருடமும் தென்னையை நம்பியிருந்த குடும்பம் எதைச் சாப்பிடும்? இந்தக் கேள்விக்கு ஐந்தொகையில் தலைப்பே இல்லை.

"இப்போதான் சாட்டிலைட் இருக்கே!"

இது அடுத்த வாதம். 1964-ல் வசதி இல்லை, இப்போது எல்லாம் செல்போனில் வந்துவிடுகிறது, பழைய கதையைக் கிளறுவானேன் என்பார்கள். பாதி உண்மை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ம் தேதி அடித்த சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பு வைத்தது. கரையோரம் உறுதியான புயல் காப்பகங்கள் கட்டியது. ஊருக்கு ஊர் ஆட்களைப் பழக்கியது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர் எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை. அதே வங்கக் கடல், அதே கரை. இயற்கையின் சீற்றம் குறைந்துவிட்டதா என்ன? இல்லை. ஏற்பாடு மாறியது, சாவு குறைந்தது. "மனுஷன் என்ன பண்ண முடியும்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

மறுபக்கம் 2017-ன் ஒக்கி. நவம்பர் 30-ம் தேதி கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மளமளவென்று புயலாக மாறியது. வானத்தில் சாட்டிலைட் இருந்தது, வானிலைத் துறை இருந்தது, டிவி இருந்தது. ஆனால் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் மீனவர்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். செல்போன் சிக்னல் எட்டாத தூரம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. நடுக்கடலில் செய்தி சென்று சேரும் நாவிக் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. மேலே எல்லாம் தெரிகிறது, கீழே ஒன்றும் போய்ச் சேரவில்லை. மறுபடி 11-ம் எண் கூண்டு!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை இன்னொரு உதாரணம். அது புயல்கூட இல்லை, குமரிக் கடல் பக்கம் இருந்த ஒரு மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. பிறகு வழக்கம்போல மாநில அரசு வானிலைத் துறையைக் கைகாட்டியது, மத்திய அரசு மாநில அரசைக் கைகாட்டியது. தாமிரபரணிக் கரையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவனுக்கு இரண்டு கைகளும் ஒன்றுதான்.

ஆனால் அந்த இரவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. தகவல் வந்தது, நிலைய அதிகாரி வண்டியை விடவில்லை. பயணிகள் சாப்பாடு இல்லாமல் இரண்டு நாள் அவதிப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

1964-ல் ஒரு ரயில், 2023-ல் ஒரு ரயில். இரண்டு இரவிலும் தண்ணீர் தண்ணீர்தான். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு தகவல், அதைக் கேட்டு "நிறுத்து" என்று சொல்ல ஒரு மனிதர். அவ்வளவுதான்.

கடல் இல்லாத ஊருக்கு இதில் என்ன?

மல்லாங்கிணற்றுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும். இங்கே வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயம் வருவதில்லை, சந்தோஷம்தான் வரும். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால்தான் கண்மாய் பெருகும், பருத்தியும் மக்காச்சோளமும் பிழைக்கும். "புயல் வந்தாலும் பரவாயில்லை, மழை வந்தால் சரி" என்று டீக்கடையில் சாதாரணமாகப் பேசுவார்கள். அதில் தப்பும் இல்லை.

ஆனால் இந்த மாவட்டத்துக்கு வேறு ஒரு கடல் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று செய்தி வராத வருடம் உண்டா? ஒவ்வொரு முறையும் பேப்பரில் அதே வரி: "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு..." உராய்வு! யாரும் உரசவில்லை, தானாக ஏற்பட்டது. கோடையின் வெயில், திடீர் மின்னல், பாவம் விதி. "இயற்கையின் சீற்றம்" என்பதன் கரிசல்காட்டு மொழிபெயர்ப்புதான் இந்த "உராய்வு". ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று விதி இருக்கிறது. அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உராய்வா தீர்மானித்தது?

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்கள். உள்ளே இன்னும் எவ்வளவு மருந்து இருக்கிறது, எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அங்கேயும் அறுந்துபோனது தகவல்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எச்சரிக்கைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. கடலுக்குப் போகாதே என்றால் மீனவனுக்கு அன்றைய வருமானம் போச்சு, ஆனால் படகுக் கடனுக்கு வட்டி நிற்காது. மின்னல் வருகிறது, வெளியே வா என்றால் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பட்டாசுத் தொழிலாளிக்கு அந்த மணி நேரக் கூலி போச்சு. எச்சரிக்கையை மீறிப் போனான் என்று பிறகு சுலபமாகச் சொல்லிவிடலாம். பசியை மீறமுடியாமல் போனான் என்பதுதான் உண்மை. சேதியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழ்ப்படியும் செலவை ஏழை தலையில் கட்டினால் அந்தச் சேதி எப்படி வேலை செய்யும்?

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, கூண்டு துறைமுகத்துக்கு இருக்கட்டும். கரையில் இருப்பவனுக்கு எண்கள் வேண்டாம். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்குள் எங்கே போக வேண்டும் என்று அவன் பேசும் தமிழில், கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் தேவாலய மணியிலும் போய்ச் சேர வேண்டும்.

இரண்டு, வண்டியை நிறுத்தவும் ஆலையைப் பூட்டவும் படகை மறிக்கவும் அந்தந்த இடத்தில் இருப்பவருக்கே அதிகாரம் வேண்டும். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் கம்பி அறுந்த பிறகு உத்தரவு வராது. நிறுத்தியது தேவையில்லாமல் போனாலும் அவரைத் தண்டிக்கக் கூடாது. பத்து முறை வீணாக நிறுத்தினால்தான் பதினோராவது முறை உயிர் தப்பும்.

மூன்று, உயரமான, உறுதியான கட்டடம். 1964-ல் அலை ராமேஸ்வரம் பெரிய கோயில் அருகே வரை வந்து நின்றது, உள்ளே அடைக்கலம் புகுந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்வார்கள். அதை இறைவன் கருணை என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். அது கல் கட்டடம் என்பதையும் சேர்த்துக் கவனித்தால் கருணை ஒன்றும் குறைந்துவிடாது. அப்படி ஒரு கட்டடம் ஒவ்வொரு மீனவ ஊரிலும் இருக்கட்டும்.

நான்கு, எச்சரிக்கை நாளுக்குக் கூலி. வருடத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, கடலுக்குப் போகாதே என்று தானே சொல்லும் ஒவ்வொரு புயல் நாளுக்கும் நாள் கணக்கில் கூலி கொடுப்பது பெரிய காரியமா? பட்டாசு ஆலையில் மின்னலுக்காக வேலை நிறுத்தும் நேரத்துக்கும் இதே கணக்குத்தான்.

இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை என்று சொல்வார்கள். பிடிக்கட்டும். 46 நாளில் ஒரு பாலத்தைக் கடலிலிருந்து தூக்கி நிறுத்தத் தெரிந்த நாடு இது. திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதற்கு அவசரம் காட்டுவது என்ற முடிவில்தான் கோளாறு. அடுத்த மழைக்காலத்தில் அடுத்த கூண்டு ஏறும். எண் ஒன்றா பத்தா என்பது கடலின் விருப்பம். பதினொன்றாக ஆகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முழுக்க முழுக்க மனிதர் கையில் இருக்கிறது.